பெறுநர்

படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்கப்
பெறுநர் இடத்தில் என் முகவரியைப் போட்டேன்.
அடெரிட்டோவிடம் அவருடையதைக் கேட்டேன்.
மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் ஒல்யாவ் துறைமுகத்தில்
படகு எஞ்சின் பழுது பார்ப்பவர்.
நான் எவோராவில், நான்காம் மாடியில்,
லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில்
மூன்று தவணைக்கு ஒரு தளம் செய்து கொடுப்பவள்.
முதல் தவணை சொன்ன தேதிக்கு வந்தது.
இரண்டாவது, நினைவூட்டி நினைவூட்டி,
ஒரு டஜன் மத்தி மீன் டப்பாவோடு வந்தது.
மூன்றாவது, இருநூற்று நாற்பது யூரோ,
பச்சை ரசீதில் மட்டும் இருக்கிறது.
பச்சை ரசீது என்றுதான் இன்னும் சொல்கிறோம்.
பச்சையும் போய்விட்டது, தாளும் போய்விட்டது.
வரி போகவில்லை.
வராத பணத்துக்கு நான் கட்டிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் முதல் கடிதம்.
ஹார்ட்முட் என்று ஒரு ஜெர்மன்காரர், ஓய்வு பெற்றவர்,
எந்திரத்தில் போட்டு எடுத்த போர்த்துகீசியத்தில்:
"என் மோட்டார் இருமுகிறது.
அதன் புகை நீலமாகத் துக்கப்படுகிறது."
அடெரிட்டோவுக்குப் போன் செய்து வாசித்தேன்.
கையெல்லாம் எண்ணெய் என்று வைத்துவிட்டார்.

பதில் போகாத கடிதம் ஒன்று கிடந்தால்
மூடாத அடைப்புக்குறி மாதிரி எனக்குத் தூக்கம் வராது.
எழுதினேன்:
செவ்வாய்க்கிழமை, எட்டு மணிக்கு மேல், நேரில் வாருங்கள்.
கீழே கடையின் பெயர்.
அப்படித்தான் ஆரம்பித்தது.

பல் மருத்துவர்
நீலத்தை இன்னும் கொஞ்சம் நம்பிக்கையாக்கச் சொன்ன பகல்களில்,
திருமண மண்டபக்காரி
ஆறாவது 'கடைசித் திருத்தம்' அனுப்பிய இரவுகளில்,
ஓரத்தில் ஒரு ஜன்னல் திறந்து
எஞ்சின்களுக்குப் பதில் எழுதினேன்.
குளிர்காலம் முழுக்க டாங்கில் கிடந்த பெட்ரோலை ஊற்றிவிடுங்கள்.
பின்னால் தண்ணீர் பீச்சவில்லையா, உடனே நிறுத்துங்கள்.
எது எதற்கு என்று கையேடுகளைத் தேடிப் படித்தேன்,
படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கடலை வருடத்தில் இரண்டு நாள் பார்ப்பேன்,
அதுவும் துண்டு விரித்து, கரையிலிருந்து.

ஒரே ஒரு முறை தப்பாகச் சொல்லிவிட்டேன்.
தவிராவில் ஒரு வரலாற்று வாத்தியார்
நல்ல பிளக்கைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்கினார்.
பதினோரு யூரோ.
அது என் செலவுக் கணக்கில்
'இதர' என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது.

முந்தாநாள் அவரே அழைத்தார்.

"மெனினா, அந்தத் தளத்தை மூடிவிடலாம்.
மூன்று வருஷமாயிற்று, ஈ காக்கை எழுதவில்லை.
ஆட்கள் பாட்டுக்கு நேரில் வருகிறார்கள்.
செவ்வாய் என்றால் வாசல்வரை வரிசை.
எல்லாருக்கும் அந்த ஒரு நாள்தான் விடியுமோ என்னவோ!"

நூற்று எழுபத்து மூன்று கடிதம்,
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவருக்குப் பின்னால் ஏதோ ஒரு எஞ்சின்
பிடித்தது, தயங்கியது, நின்றது.
எரிபொருள் குழாயில் காற்று
என்று எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.
அது தெரிந்த சந்தோஷத்தில்
சொல்ல வந்தது விட்டுப்போயிற்று.

"மூடுவதற்கு எவ்வளவு?"
"இருநூற்று நாற்பது."
"வைத்துக்கொள்ள?"
"அதுவும் இருநூற்று நாற்பது."

கடற்புறா ஒன்று கத்தி முடிக்கும்வரை பேச்சில்லை.
பிறகு,
மருமகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

இன்று காலை புதிதாக ஒன்று.
ஃபுசெட்டாவிலிருந்து ஜெசுவினா என்பவர்:
வேகமெடுத்தால் நின்றுபோகிறது,
யாரைப் பார்ப்பது, எப்போது வருவது?

புதன்கிழமை வாருங்கள்
என்று எழுதினேன்.